மாப்பிள்ளை விடாத சனிக்கிழமை

அத்தியாயம் 4

நான்கு நாளாகக் கயல் ஒரு புகைப்படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இதுவரை புகைப்படம்தான் ஜெயித்திருந்தது.

ஜப்பானில் ஒசாகா நகரம். பின்னால் பச்சைக் கூரை போட்ட பழைய கோட்டை, அதைச் சுற்றி அகழி. முன்னால் ஒரே குடும்பத்து ஐந்து பேர், அந்த ஊர் பேஸ்பால் அணியின் மஞ்சளும் கறுப்புமான புலிக்கோடு ஜாக்கெட்டை ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு, சர்க்கஸிலிருந்து தப்பித்து வந்த மாதிரி நின்றார்கள். நடுவில் நின்ற நாற்பத்திரண்டு வயது ஆசாமிதான் ரஞ்சித்குமார். எடுத்த தேதி அக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை, காலை ஒன்பது பத்து. வெட்டி ஒட்டியதா, தேதியை மாற்றியதா, வேறு வருஷத்துப் படமா என்று கயல் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். படம் அசல்.

"இந்த ஆளுக்கு எதிரா நமக்குக் கிடைச்ச ஒரே ஆதாரம் இந்த ஜாக்கெட்தான் மேடம். இதுக்கே உள்ள தள்ளலாம்," என்றார் சபரிநாதன்.

சபரிநாதனுக்கு அறுபத்தோரு வயது. முப்பது வருஷம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் இருந்தால் மனைவி கேரேஜைச் சுத்தம் செய்யச் சொல்வாள் என்ற ஒரே காரணத்துக்காகத் துப்பறிய வந்தவர். கயல் அவரைவிட இருபத்து மூன்று வயது சின்னவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பத்து வருஷம் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்து அலுத்துப்போய், சொந்தமாக லைசென்ஸ் வாங்கி, அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயரில் ஒரு மளிகைக் கடை மாடியில் ஆபீஸ் போட்டிருந்தாள். அவர் அவளைக் கேலியாக மேடம் என்பார். அவள் அவரை மரியாதையாக அங்கிள் என்பாள். சம்பளம் இருவருக்குமே கேலிதான்.

கேஸைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்திருந்த அல்போன்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வராததில் நியாயம் இருந்தது.

தூத்துக்குடிக்காரி. நியூபோர்ட்டில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் சாஃப்ட்வேர் வேலை. செப்டம்பரில் அவள் சாஃப்ட்வேரில் ஒரு மாற்றத்தை அவசர அவசரமாக ஏற்றியதில் அந்த வங்கியின் ஏடிஎம்கள் நான்கு மணி நேரம் செத்துக் கிடந்தன. "ஏற்றுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒப்புதல் கொடுத்தவர் டீம் லீட் ரஞ்சித்குமார். அந்த ஒப்புதலின் பதிவு அல்போன்சாவின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது. அக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை மாலை ஆறு ஐம்பதுக்கு யாரோ அவளுடைய அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போய், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பாஸ்வேர்டைப் போட்டு, பதிவைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கொலம்பஸ் தின விடுமுறை சேர்ந்த வார இறுதி. ஆபீசில் ஈ காக்கை இல்லை. வாசல் கேமராவில் தெரிந்ததெல்லாம் ஒரு மழைக்கோட்டும் முகக்கவசமும்தான்.

அட்டை அதற்கு ஒன்பது நாள் முன்பே தொலைந்திருந்தது. அதை அவள் சொன்னது ரஞ்சித்குமாரிடம் மட்டும். மூன்றாவது தடவை தொலைத்தால் ஹெச்.ஆர். வரை போகும், புகார் கொடுக்காமல் வீட்டில் நன்றாகத் தேடுங்கள் என்று கரிசனமாகச் சொன்னவர் அவர். பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும். அவசரத்துக்கு உதவும் என்று டீமில் எல்லோருடையதையும் வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம், கொடுப்பது எல்லோருடைய முட்டாள்தனம். ஆனால் ஐந்தாம் தேதியே அவர் குடும்பத்தோடு ஜப்பான் போய்விட்டார். சனிக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று ஹெச்.ஆர். கேட்டதற்கு இந்தப் புலிப் படத்தை அனுப்பினார். விடுமுறையில் தொந்தரவு செய்ததற்கு அவர்கள் மன்னிப்புக் கேட்டு பதில் போட்டார்கள்.

நாளை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. தவறு என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தால் நல்ல சான்றிதழோடு அனுப்புவார்கள். கொடுக்காவிட்டால் டிஸ்மிஸ். எப்படிப் போனாலும் எச்1பி விசாக்காரிக்கு வேலை போன நாளிலிருந்து அறுபது நாள்தான். அதற்குள் வேறு வேலை கிடைக்கவில்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். கணவர் இல்லை. மகன் ஆட்ரியன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான்.

எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த வேலை தேடுவது சுலபம், அதையும் யோசித்தீர்களா என்று கயல் கேட்டாள். கேட்பது அவள் கடமை.

"யோசிச்சேன். ரெண்டு ராத்திரி தூங்காம யோசிச்சேன்," என்றாள் அல்போன்சா. "ஊருக்குப் போன்னு சொன்னா போயிருதேன். நான் செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போக மாட்டேன். அந்த ரூம்ல ஆறு பேர் உக்காந்தாலும் சரி, அறுபது பேர் உக்காந்தாலும் சரி."

அவள் படியிறங்கிப் போனதும் கயல் படத்தை மூடினாள். படத்தை இனிமேல் குடைந்து பயனில்லை. படத்தில் இருந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்றாள். ரஞ்சித்குமாரின் வீடு மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில். முன்பின் தெரியாத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதுதான் பிரச்சினை.

"அது ஒரு பிரச்சினையா?" என்றார் சபரிநாதன். "ஜப்பான் டூர் போறோம், உங்க பிளான் வேணும்னு கேளுங்க. நம்ம ஜனங்க கடன் கேட்டா கதவைச் சாத்துவாங்க. டூர் பிளான் கேட்டா ரோட்டுக்கு வந்து கார் பார்க் பண்ண இடம் காட்டுவாங்க."

அவர் மனைவி அந்தப் பக்கத்துப் பெண்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டாள். நான்கே நிமிஷத்தில் ரஞ்சித்குமாரின் மனைவி சண்முகப்ரியாவிடமிருந்து பதினோரு பக்க எக்ஸெல் வந்தது. எந்த ரயில், எந்த ஹோட்டல், எங்கே தயிர் கிடைக்கும், எல்லாம் கலர் கலராக. கூடவே ஒரு அழைப்பு: அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், போட்டோவைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டுகிறேன், சாயங்காலம் வீட்டுக்கே வாங்க.

சண்முகப்ரியாவைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே கயலுக்கு மனசு குறுகுறுத்தது. ஒல்லியாக, சிரித்த முகமாக, கேட்காமலேயே டீ கொடுக்கிற பெண். இவள் வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டே இவள் புருஷனுக்குக் குழி தோண்ட வந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. புருஷன் வீட்டில் இல்லை. மகள் வெண்பாவைக் கீபோர்டு வகுப்புக்குக் கூட்டிப்போயிருந்தார். ஐந்து மணிக்கு வந்துவிடுவார்.

டிவியில் கோட்டை வந்தது. சண்முகப்ரியாவின் அப்பா சுப்பையன் சோபா நுனிக்கு நகர்ந்தார். பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம் பார்த்தவர். கதை சொல்ல ஆள் கிடைக்காமல் மூன்று வாரமாகத் தவித்திருப்பார் போலிருந்தது.

"கோட்டைன்னு போனா உள்ளுக்குள்ள லிஃப்ட் வெச்சிருக்கறானுங் அம்மிணி. படையெடுத்து வர்றவனுக்கு எத்தன வசதி பாருங்."

இந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் கேட்கலாம் என்றிருந்தேன், நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கயல் கேட்டாள். அவ்வளவுதான். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

கோட்டைக்குப் பிறகு மீன் காட்சிசாலை. அங்கே ஒரு சுறா, லாரி நீளத்துக்கு, தொட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்து அம்மா பவளம் கண் கலங்கி, இதுக்கு ஊரு உறவு இல்லையா என்று கேட்டிருக்கிறாள். பிறகு ஒரு புத்தர் கோவில், அங்கே குளம் நிறைய ஆமை. மதியம் பெரிய சண்டை. அன்று புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை; அசைவம் கூடாது. தோசை மாதிரி இருக்கிறதே என்று ஒன்றை வாங்கினால் மேலே தூவியிருந்தது சீவிய கருவாடு.

"தூவுனது சூட்டுல நெளியுது கண்ணு, உசுரோட இருக்கறாப்புல," என்றாள் பவளம். "நான் தட்டோட வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். வாழப்பழந்தான் அன்னிக்குச் சாப்பாடு."

படங்கள் ஓடின. சுறா முன்னால் நால்வர். ஆமைக் குளத்தில் நால்வர். கயல் டீயைக் கீழே வைத்தாள். ரஞ்சித்குமார்தான் எல்லாப் படத்தையும் எடுத்தாரா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

இல்லை. அவர் கோட்டையோடு சரி. பத்து மணிக்கு டோக்கியோ ஆபீசிலிருந்து போன் வந்து, அவசர மீட்டிங், புல்லட் ரயிலில் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று போட்டிருந்த ஜாக்கெட்டோடு ஒரு முதுகுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். லீவு எடுத்தும் விடமாட்டேன் என்கிறார்கள் என்றாள் சண்முகப்ரியா. சொல்லும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

குறைந்ததற்குக் காரணம் அடுத்த படத்தில் இருந்தது. இரவு. கால்வாய் ஓரக் கடைத்தெரு, இரண்டு பக்கமும் வானம் வரை விளக்கு விளம்பரங்கள், ஒரு கடைக்கு மேலே காலை ஆட்டிக்கொண்டிருக்கும் ராட்சச நண்டு. கீழே தீபாவளி முதல் நாள் தி.நகர் மாதிரிக் கூட்டம். நண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற சுப்பையனைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை. கையில் போன் இல்லை, பாஷை தெரியாது, சர்க்கரை மாத்திரை மகளின் பையில். சண்முகப்ரியா ஒரு கையில் மகளையும் இன்னொரு கையில் அழுகிற அம்மாவையும் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அந்தத் தெருவை அலசியிருக்கிறாள்.

"இவருக்கு இருபத்து மூணு தடவை போன் பண்ணேன்," என்றாள். "ஸ்விட்ச் ஆஃப். விடியக்காலை ஆறு மணிக்குத்தான் கூப்பிட்டார். சாயங்காலம் அஞ்சு மணிக்கே சார்ஜ் போயிடுச்சு, ராத்திரி கிளையன்ட் டின்னர்னு சொன்னார். டின்னருக்குப் போற இடத்துல ஒரு சார்ஜர் கூடவா இருக்காது?"

சுப்பையன் கிடைத்தது ஒரு கரோகே பாரில். வேலை முடிந்து கூத்தடிக்க வந்த ஆறு ஜப்பான்காரர்கள் தெருவில் திருதிருவென்று நின்ற பெரியவரை உள்ளே உட்கார வைத்து, ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, மைக்கையும் கொடுத்திருக்கிறார்கள். மகள் கதவைத் திறந்தபோது அவர் தலையில் ஒருவன் டையைக் கட்டிவிட்டிருந்தான். அவர் பஜனைப் பாட்டில் மூன்றாவது சரணத்தில் இருந்தார். ஆறு பேரும் தாளம் தப்பாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கயல் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஐந்து மணியிலிருந்து மறுநாள் ஆறு மணி வரை போன் செத்துக் கிடக்கிறது. அவ்வளவு நேரம் ஒருவன் போனை அணைத்து வைப்பது விமானத்தில்தான். டோக்கியோவிலிருந்து இங்கே நியூவார்க் விமான நிலையத்துக்கு வர ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். ஆளைப் பிடித்துவிட்டோம் என்றிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு விமானம் ஏறியவன் ஞாயிற்றுக்கிழமை காலையில்தானே இறங்குவான்? திருட்டு நடந்ததோ சனிக்கிழமை. கோட்டை மறுபடியும் ஜெயித்துவிட்டது.

கிளம்புகிற நேரத்தில் பவளம் குங்குமம் கொடுக்கப் பூஜை அறைக்குக் கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்குப் பெருமாள் என்றால் உயிர், பதினோரு வருஷமாகப் புரட்டாசிச் சனி ஒன்றுகூட கோவிலை விட்டதில்லை, கொட்டுகிற மழையில் காய்ச்சலோடு கூடப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே திருநீற்றுத் தட்டை நகர்த்தினாள். ஜப்பானில் கடைசிச் சனி தவறிவிட்டதே என்று அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லையாம். திங்கட்கிழமை மாப்பிள்ளை திரும்பி வந்ததும் அதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள்.

"அவரு சிரிச்சுட்டு, குறை ஒண்ணும் வெக்கலீங் அத்தை, சனிக்கிழமை பெருமாளைப் பாத்துட்டேன்னாருங். டோக்கியோவுல பெருமாள் கோயில் இருக்குமாட்ட இருக்குது."

கயல் குங்குமத்தை நெற்றியில் வைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் சபரிநாதனிடம் ஒரே கேள்வி கேட்டாள். இந்தப் பக்கத்துப் பெருமாள் கோவிலில் புரட்டாசிச் சனி மாலைப் பூஜையை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவார்களா?

"காட்டுவாங்க. நான் கோயிலுக்குச் சோம்பல்பட்டா என் வீட்டம்மா அதைப் போட்டுவிட்டு என்னை முன்னாடி நிக்க வெப்பா. பழசெல்லாம் கூட அப்படியே கிடக்கும்."

அக்டோபர் பதினொன்றாம் தேதியின் பதிவு கிடைத்தது. மூன்றரை மணி நேரப் பதிவு. இரண்டு பேரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு அதை வேகமாக நகர்த்தினார்கள். திருமஞ்சனம், அலங்காரம், கருட வாகனம். எட்டு இருபதுக்குத் தீபாராதனை. கேமரா பக்தர்கள் பக்கம் திரும்பியது. பட்டுப் புடவைகள், வேட்டிகள், தூங்கும் குழந்தைகள். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், கண்ணை இறுக மூடிக் கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றது மஞ்சளும் கறுப்புமான ஒரு புலிக்கோடு ஜாக்கெட். அதற்கு மேலே, நெற்றி நிறைய நாமத்தோடு, ரஞ்சித்குமார்.

சபரிநாதன் ஏதாவது கேலி சொல்வார் என்று கயல் காத்திருந்தாள். அவர் படத்தை நிறுத்தி, ஜாக்கெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அங்கிள், இங்க சனிக்கிழமை சாயங்காலம் ஆறு ஐம்பதுன்னா ஒசாகாவுல மணி என்ன?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதிமூணு மணி நேரம் முன்னாடி ஓடறாங்க. காலைல ஏழு ஐம்பது. ஞாயித்துக்கிழமை."

அவ்வளவுதான் விஷயம். சனிக்கிழமை எங்கே இருந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் ஒசாகாச் சனிக்கிழமைக்கு உண்மையான பதிலைக் கொடுத்தான். கேட்டிருக்க வேண்டியது ஒசாகாவின் ஞாயிறு காலையை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு டோக்கியோவில் விமானம் ஏறினால், கிழக்கே பறந்து, அதே சனிக்கிழமை ஐந்து மணி அடிக்கும் முன்பே நியூவார்க்கில் இறங்கலாம். ஆறு ஐம்பதுக்கு ஜாக்கெட்டின் மேல் ஒரு மழைக்கோட்டு, கையில் அல்போன்சாவின் அட்டை. எட்டு இருபதுக்குப் பெருமாள். ஞாயிறு காலை விமானம், திங்கள் இரவு ஒசாகாவில் குடும்பத்தோடு. நான்கு நாள் படத்தை முறைத்துப் பார்த்த தன்னையே ஒரு அறை விடலாம் என்று கயலுக்குத் தோன்றியது. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கத் துணிந்தவனுக்குப் பதினோரு வருஷ விரதத்தைக் கெடுக்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

ஐந்து மணிக்கு ரஞ்சித்குமாரின் கார் வந்தது. வெண்பா குதித்து உள்ளே ஓடும் வரை கயல் பொறுத்தாள். அப்புறம் போய் அவர் முன்னால் நின்று, தான் யார், யாருக்காக வந்திருக்கிறாள் என்பதைச் சொன்னாள். அவர் அசரவில்லை. ஹெச்.ஆருக்குப் படம் அனுப்பியாயிற்று, சனிக்கிழமை நான் ஒசாகாவில் இருந்தேன் என்றார்.

"எந்த ஊர் சனிக்கிழமை சார்?" என்று கேட்டுக் கயல் போனை அவர் பக்கம் நீட்டினாள்.

தீபாராதனை ஓடியது. மணிச் சத்தம் அந்த அமைதியான தெருவில் தெளிவாகக் கேட்டது. அவர் தன்னையே பார்த்தார். முகத்திலிருந்த தெம்பு மெதுவாக வடிந்தது. பன்னிரண்டு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன், நான் கொடுத்த அந்த ஒப்புதல் வெளியே வந்திருந்தால் என் வேலை போய் எல்லாம் முதலிலிருந்து, எனக்கும் குழந்தை இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அல்போன்சாவும் அதே வரிசையிலதான் நிக்கறாங்க சார். நீங்க அவங்க தோள் மேல ஏறி நின்னீங்க," என்றாள் கயல்.

அதற்குள் அவருக்குக் கொஞ்சம் தைரியம் திரும்பியது. கோவில் வீடியோவில் ஒரே மாதிரி ஆயிரம் பேர் இருப்பார்கள், இதெல்லாம் எங்கேயும் நிற்காது என்றார்.

கேரேஜ் கதவருகே சண்முகப்ரியா நின்றுகொண்டிருந்தாள். விருந்தாளிகளுக்குக் கொடுத்தனுப்ப முறுக்கு டப்பாவை எடுத்து வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. டப்பாவைக் காரின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் நான்கைந்து பாஸ்போர்ட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்தாள்.

"ஜப்பானுக்குள்ள விட்டதுக்கு ஒட்டுற ஸ்டிக்கர், எனக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு," என்றாள். "உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

அவர் பாஸ்போர்ட்டை வாங்கக் கை நீட்டினார்; அவள் பின்னால் தள்ளி நின்றாள்.

"எங்கப்பாவைக் காணோம்னு நான் நடுத்தெருவுல நின்னு உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்க மீட்டிங்ல இருக்கீங்கன்னு நினைச்சு எங்கம்மாவைச் சமாதானம் பண்ணேன்."

பிறகு பாஸ்போர்ட்டின் பக்கத்தைக் கயலுக்கு நேராகப் பிடித்தாள். இரண்டாவது ஸ்டிக்கரில் அக்டோபர் பதிமூன்று என்று தெளிவாக இருந்தது. ப்ரியா, வேண்டாம் என்றார் ரஞ்சித்குமார். அவள் கையை இறக்கவில்லை.

"நீங்க ஜப்பான் போகப்போறேன்னு சொன்னது பொய்," என்றாள் கயலிடம். "அதை நான் மன்னிக்க மாட்டேன். போட்டோ எடுத்துக்கோங்க."

திங்கட்கிழமை காலை பத்து மணி. நியூபோர்ட்டில் இருபத்திரண்டாவது மாடி, ஆற்றைப் பார்த்த ஒரு கண்ணாடி அறை. ஹெச்.ஆர். அம்மாள் நேரில் இருந்தார், பக்கத்தில் ஒரு வக்கீல். கயல் பேசியது மொத்தம் ஆறு நிமிஷம். கோட்டைப் படம், கோவில் பதிவு, பாஸ்போர்ட் பக்கம், அதற்கு மேல் ஒரு கடிகாரக் கணக்கு. வக்கீல் கணக்கைத் தானே ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்து, பேனாவை மூடினார். இரண்டு பேரும் வெளியே போய் இருபது நிமிஷம் கழித்து வந்தார்கள்.

வந்தவர்கள் நல்ல செய்தியோடு வந்தார்கள். புகார் மொத்தமும் வாபஸ். அல்போன்சா இன்றே வேலைக்குத் திரும்பலாம். ரஞ்சித்குமார் சொந்தக் காரணங்களுக்காக விலகுவார். ஒரே ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும்: நடந்ததைப் பற்றி யாரிடமும் எப்போதும் பேசுவதில்லை என்று.

கயலுக்கு மூச்சு வந்தது. வேலை இருக்கிறது, விசா இருக்கிறது, பையன் இங்கேயே பள்ளிக்கூடம் முடிப்பான். சபரிநாதன் தன் பேனாவையே எடுத்து அல்போன்சாவிடம் நீட்டிவிட்டார்.

அவள் அதை வாங்கவில்லை. ஹெச்.ஆர். அம்மாளைப் பார்த்து நிதானமான ஆங்கிலத்தில் பேசினாள். என்மேல் விசாரணை என்று நீங்கள் மெயில் அனுப்பியது நாற்பது பேருக்கு. அந்த நாற்பது பேரும் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் செய்யவில்லை, செய்தது யார் என்று அதே நாற்பது பேருக்கும் மெயில் போக வேண்டும். அப்படியொரு வழக்கம் இல்லையே என்றார் அந்த அம்மாள். சண்டை போடுகிற தொனி இல்லை. நிஜமாகவே அப்படியொன்றை அவர் செய்ததில்லை போலும்.

கயல் மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்தாள். "ஜெயிச்சாச்சு அல்போன்சா. இப்பப் பிடிவாதம் பிடிச்சா எல்லாம் போயிடும்."

"போட்டும்," என்றாள் அல்போன்சா. "என் பையன் என்னம்மா ஆச்சுன்னு கேப்பான். சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்னு அவன்கிட்ட சொல்லவா?" திரும்பி ஆங்கிலத்தில் முடித்தாள்: மெயில் போகாது என்றால் என்னை டிஸ்மிஸ் செய்யுங்கள். அறுபது நாளை இன்றைக்கே எண்ண ஆரம்பியுங்கள். நான் எழுந்து போகப்போவதில்லை.

வக்கீலும் ஹெச்.ஆர். அம்மாளும் மறுபடி வெளியே போனார்கள். இந்தத் தடவை ஐம்பது நிமிஷம்.  அல்போன்சா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று கயல் கேட்டதற்கு, இருக்கிறது, ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வரிசை வரிசையான மேஜைகளில், ஒரு தலை நிமிர்ந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு ஏழெட்டு ஒன்றாக. எல்லோரும் தங்கள் திரையை ஒருமுறை, இந்த அறையை ஒருமுறை பார்த்தார்கள். அல்போன்சாவின் போனும் அதிர்ந்தது. அவள் மெயிலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். தன் பெயரும் ரஞ்சித்குமார் பெயரும் சரியான இடங்களில் இருக்கின்றனவா என்று இன்னொரு முறை பார்த்தாள். அப்புறம்தான் எழுந்தாள்.

கயலும் சபரிநாதனும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் லிஃப்ட் பக்கம் திரும்பவில்லை. மேஜைகளுக்கு நடுவே, யாரையும் தவிர்க்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே தன் இடத்துக்கு நடந்தாள். அவள் இல்லாத நாட்களில் யாரோ அந்த நாற்காலியை இறக்கி வைத்திருந்தார்கள். அவள் குனிந்து, அதைத் தனக்கு வேண்டிய உயரத்துக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள்.